ஸ்பிரின்டர்கள் ஏன் அழுகிறார்கள்?

2021ஆம் ஆண்டு ஜூன் 29. கொரோனாக் காலம், பள்ளிக்கூடங்கள் பூட்டு. கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் அக்காவின் மகனும் நானும் ஒரு போனை நடுவில் வைத்துக்கொண்டு டூர் டி பிரான்ஸ் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று கிழமை நடக்கிற சைக்கிளோட்டம், ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்கும் ஒரு வெற்றியாளர். பிரான்சில் பின்னேரம் ஐந்தரை என்றால் எங்களுக்கு இரவு ஒன்பது. சாப்பிட்டு முடிய ஓட்டத்தின் கடைசிக் கட்டம் வரும், கணக்காக இருக்கும்.

அன்றைய ஓட்டம் ஃபூஜேர் என்ற ஊரில் முடிந்தது. பிரித்தானியாவின் மார்க் கவெண்டிஷ் வென்றார். எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போய் நின்றவர் விம்மி விம்மி அழத் தொடங்கிவிட்டார். அணிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கட்டிப்பிடிக்க, அழுகை இன்னும் கூடியது.

மருமகனுக்கு அப்போது பத்து வயது. "வெண்டிட்டு ஏன் மாமா அழுறார்?" என்று கேட்டான்.

"அஞ்சு வருசத்துக்குப் பிறகு வெண்டவரடா" என்று சொல்லிச் சமாளித்தேன். பிழையான பதில் இல்லை. 2016க்குப் பிறகு அவர் டூரில் ஒரு நாள்கூட வெல்லவில்லை. ஆனால் பையன் கேட்டதற்கு அது முழுப் பதிலும் இல்லை. ஐந்து வருசம் காத்திருந்து வென்ற மலையேற்றக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இப்படி அழுவது குறைவு. இந்த விளையாட்டில் கண்ணீரும் கோபமும் ஸ்பிரின்டர்களிடம்தான், அதாவது கவெண்டிஷைப்போலக் கடைசி மீற்றர்களில் பாய்ந்து வெல்கிறவர்களிடம்தான் அதிகம். காரணம் அவர்களின் குணத்தில் இருப்பதைவிட அவர்கள் செய்யும் வேலையில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரந்தனில் இருந்து பூநகரிக்குச் சோளகக் காலத்தில் சைக்கிள் உழக்கியவர்களுக்கு அதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. பல இடங்களில் இரண்டு பக்கமும் வெட்டை, மறைப்புக்கு ஒரு பனங்கூடலும் இல்லை. நெஞ்சில் கையை வைத்துத் தள்ளுவதுபோலக் காற்று தள்ளும். அங்கால் பளைப் பக்கம் காற்றாலைகளை நட்டு மின்சாரம் எடுக்கிறார்கள் என்றால் இந்த மாவட்டத்துக் காற்று எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பதின்மூன்று வயதில் அப்பாவோடு அந்த வழியால் போயிருக்கிறேன். அப்பாவுடையது பழைய றலி, கரியரில் அரை மூட்டை நெல்லு. பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "என்ர பின்சில்லை விடாமப் பிடிச்சுக்கொண்டு வா. காத்து எனக்கு, றோட்டு உனக்கு."

சில்லுக்கும் சில்லுக்கும் இடையில் ஒரு முழம் விட்டு ஒட்டினேன். காதில் இரைந்துகொண்டிருந்த சத்தம் சட்டென்று அடங்கியது, கால் இலேசானது. அப்பாவின் சேட்டு முதுகில் வியர்வையோடு ஒட்டிக்கிடக்க, கொலர் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பூநகரிச் சந்தியில் இறங்கியபோது நான் கடைக்கு ஓடிப்போய்ச் சோடா வாங்கினேன். அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி நின்றார். கொஞ்ச நேரம் அவரால் பேச முடியவில்லை.

தொழில்முறைச் சைக்கிளோட்டம் முழுவதுமே இதன்மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடும். அந்தத் தடையை வெல்லத் தேவைப்படும் வலு வேகத்தின் கனமாகக் கூடும். வேகத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமென்றால் காற்றுக்கு மட்டும் எட்டு மடங்கு வலு கொடுக்க வேண்டும். ஒருவருக்குப் பின்னால் ஒட்டிப் போனால் தடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு குறையலாம். பெரிய கூட்டத்தின் நடுவயிற்றில் போனால் இன்னும் குறையும். பேர்ட் பிளொக்கன் என்ற ஆய்வாளரின் குழு 121 பேர் கொண்ட கூட்டம் ஒன்றைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் வைத்துச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டது. கூட்டத்தின் உள்ளே நல்ல இடத்தில் இருப்பவருக்கு, தனியாகப் போகிறவர் படும் தடையில் 5 முதல் 10 சதவீதம்தான் படுகிறதாம். பெலட்டன் என்று சொல்லப்படும் அந்தக் கூட்டம் பார்ப்பதற்கு நெருக்கியடித்துக்கொண்டு போவதுபோல இருக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு அது வீடு மாதிரி.

ஸ்பிரின்டர் என்பவர் நாள் முழுக்க இந்த வீட்டுக்குள் பொத்திப் பொத்தி வைக்கப்படுகிற ஆள். 180, 200 கிலோமீற்றர் தூரத்தை நாலைந்து மணித்தியாலம் ஓடுவார்கள். அந்த நேரம் முழுக்க அவர் முகத்தில் காற்றுப் படாமல் கொண்டுவந்து கடைசி 200 மீற்றரில் அவிழ்த்துவிட வேண்டும். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் 200 மீற்றர் ஓடப் பத்துச் செக்கன்தான் எடுக்கும். அந்தப் பத்துச் செக்கனில் நல்ல ஸ்பிரின்டர் ஒருவர் 1500 வாட் அளவுக்கு வலுவைக் கொட்டுவார். நாளின் மிச்சம் முழுவதும் மற்றவர்களின் உழைப்பு.

டூரில் 2018 முதல் ஓர் அணிக்கு எட்டுப் பேர். அதற்கு முன்பு ஒன்பது. காலையில் ஓட்டம் தொடங்கியதும் மூன்று நாலு பேர் பிய்த்துக்கொண்டு முன்னால் போவார்கள். அவர்களை அதிகத் தூரம் விடவும் கூடாது, மிகச் சீக்கிரம் பிடிக்கவும் கூடாது. சீக்கிரம் பிடித்தால் வேறு நாலு பேர் கிளம்பிவிடுவார்கள். பட்டத்துக்கு நூல் விடுவதுபோல விட்டு இழுத்து, இழுத்து விட்டு, கடைசிப் பத்துக் கிலோமீற்றருக்குள் பிடிக்க வேண்டும். அதற்கென்றே கூட்டத்தின் முன்னால் நின்று மணிக்கணக்காகக் காற்றைக் குடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். 2021இல் கவெண்டிஷின் அணியில் அந்த வேலையைச் செய்தவர் பெல்ஜியத்தின் டிம் டெக்லேர்க். அவருக்கு 'ரக்ரர்' என்று பட்டப்பெயர். வன்னியில் இதைவிடப் பெரிய மரியாதை ஒருவருக்குக் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

பிறகு ரயில் வரும். ஓர் அணிக்காரர்கள் ஒருவர் பின்சில்லை ஒருவர் பிடித்து வரிசையாகப் போவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தொண்ணூறுகளில் மரியோ சிப்போலினிக்காக சாயெக்கோ அணி ஓட்டிய சிவப்பு ரயிலை இன்னும் பேசுகிறார்கள். அதைத் தச்சுவேலைபோல நுணுக்கமாகச் செய்து காட்டியது 2008 முதல் 2011 வரை கவெண்டிஷ் ஓடிய அணி, ஹெச்டிசி. கடைசிக் கிலோமீற்றர்களில் முதல் ஆள் தன்னிடம் இருப்பது தீரும்வரை இழுத்துவிட்டுப் பக்கத்தில் விலகுவார். அவருக்கு அன்றைய ஓட்டம் அதோடு முடிந்தது. கூட்டம் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும், யார் வென்றது என்று காதில் மாட்டிய றேடியோவில்தான் கேட்பார். அடுத்தவர் இன்னும் கொஞ்சம் வேகமாக இழுப்பார், விலகுவார். இப்படியே தேய்ந்து தேய்ந்து, ஸ்பிரின்டருக்கு முன்னால் ஒரே ஒருவர் மிஞ்சுவார். லீட்-அவுட் ஆள் என்று அவருக்குப் பெயர்.

இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்தவர் இந்தக் கடைசி ஆள்தான். தலையைக் குனிந்து முழு வேகத்தில் போகும்போதே கைக்கு அடியால் பின்னுக்குப் பார்த்து, தன் ஆள் சில்லில் இருக்கிறானா என்று உறுதிப்படுத்துவார். இரண்டு பக்கமும் வேற்று அணி ரயில்கள் தோளோடு தோள் உரசும். எந்த இடைவெளியால் நுழைந்தால் தன்னுடைய உடம்பு மட்டுமல்லாமல் பின்னால் வருகிறவனும் சேர்ந்து நுழையலாம் என்று அரைச் செக்கனில் கணக்குப் போடுவார். 2009 டூரின் கடைசி நாள் பாரிசில் ஹெச்டிசியின் கடைசி ஆள் மார்க் ரென்ஷோ கடைசி வளைவில் எவ்வளவு வேகமாக இழுத்தார் என்றால், கவெண்டிஷ் அவரைத் தாண்டிப் போய் வென்ற பிறகும் இரண்டாம் இடம் ரென்ஷோவுக்கே கிடைத்தது. பின்னால் வந்த உலகத்து வேகக்காரர் ஒருவராலும் அவரைப் பிடிக்க முடியவில்லை.

அதே ரென்ஷோ அடுத்த வருசம் போட்டியில் இருந்தே வெளியேற்றப்பட்டார். 2010 டூரின் 11ஆம் நாள், பக்கத்து ரயிலின் கடைசி ஆளான ஜூலியன் டீன் தள்ளிக்கொண்டு வர, ரென்ஷோ அவரைத் தலையால் முட்டினார். மூன்று தரம். கவெண்டிஷ் வென்றார், ரென்ஷோ வீட்டுக்குப் போனார். அவர் முட்டியது சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர் காவல் காத்தது தன்னுடைய வெற்றியை இல்லை, பின்சில்லில் வந்தவனுடைய வெற்றியை என்பதைப் பார்க்கத்தான் வேண்டும்.

இனிக் கடன் பற்றி. மலை நாட்களில் ஸ்பிரின்டருக்கு வேறு பாடு. உடம்பு பாரம், தசை அதிகம், ஏற்றம் சரிவராது. ஆனால் ஒவ்வொரு நாளும் முதலாவது ஆள் வந்து குறிப்பிட்ட நேரத்துக்குள் முடிக்காவிட்டால் அடுத்த நாள் தொடங்க விடமாட்டார்கள். 2018இல் லா ரோசியேர் மலையில் கவெண்டிஷ், ரென்ஷோ, ஜேர்மனியின் மார்செல் கிட்டல் மூன்று பேரும் நேரம் பிந்தி ஒரே நாளில் போட்டியை இழந்தார்கள். கவெண்டிஷ் வந்து சேர்ந்தது வென்றவருக்கு ஒரு மணித்தியாலத்துக்கும் பிறகு.

அப்படி நடக்காமல் இருக்க அணியில் ஒருவரோ இருவரோ பின்தங்கி நிற்பார்கள். தங்களால் வேகமாக ஏற முடிந்தும் ஏறாமல், அழுது வடிகிற ஸ்பிரின்டருக்கு முன்னால் காற்றை மறைத்துக்கொண்டு, தண்ணீர் கொடுத்துக்கொண்டு, இன்னும் எத்தனை நிமிசம் இருக்கிறது என்று கணக்குச் சொல்லிக்கொண்டு வருவார்கள். கவெண்டிஷுக்கு வருசக்கணக்காக அப்படி நின்றவர் ஒஸ்ட்ரியாவின் பேர்ன்ஹார்ட் ஐசல்.

2024 டூரின் முதல் நாள் இத்தாலியில் கடும் வெயில். ஓட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே கவெண்டிஷ் கூட்டத்தில் இருந்து விடுபட்டார், சைக்கிளில் இருந்தபடியே சத்தி எடுத்தார். 39 வயது. அவருடைய அஸ்தானா அணிக்காரர்கள் அவரைச் சுற்றி வளைத்துக்கொண்டு, தலையில் தண்ணீரை ஊற்றி ஊற்றி, றிமினிவரை நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். நாலு நாள் கழித்து, ஜூலை 3 அன்று, சன்-வுல்பாசில் அவர் தன்னுடைய 35ஆவது டூர் வெற்றியை எடுத்தார். எடி மேர்க்ஸ் என்ற பெல்ஜியப் பெருமகனின் 34 வெற்றிகள் என்ற சாதனை அதோடு உடைந்தது. பதிவேட்டில் கவெண்டிஷின் பெயர் மட்டும் இருக்கும். அந்த முதல் நாள் தண்ணீர் ஊற்றிய கை ஒன்று தளர்ந்திருந்தாலும் 35 என்ற எண்ணே இல்லை.

டூரில் ஒரு நாள் வென்றால் பரிசு 11,000 யூரோ. வென்றவர் அதைத் தன் பையில் போடுவதில்லை. அணிக்குள் பங்கு போடுவதுதான் வழக்கம். காசை அப்படிப் பங்கு போட்டுவிடலாம். மேடையில் நிற்கிற இடத்தையும் பத்திரிகையில் வருகிற படத்தையும் என்ன செய்வது? அதனால்தான் ஸ்பிரின்டர் கோட்டைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். தனக்கு முன்னால் இழுத்துவிட்டு விலகியவர்கள் ஒவ்வொருவராக வந்து சேரும்வரை அவருக்கு வென்றது நிறைவதில்லை. அன்று ஃபூஜேரில் கவெண்டிஷின் அழுகை கூடியதும் அணிக்காரர் வந்த பிறகுதானே.

அந்த அழுகைக்கு இன்னும் பின்கதை உண்டு. 2017இல் அவருக்கு எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்று கண்டுபிடித்தார்கள். உடம்பு சோர்ந்து விழுகிற நோய். 2018இல் மனச்சோர்வு நோய் என்று மருத்துவர்கள் உறுதிசெய்தார்கள். அவரே பிறகு அதை வெளியில் சொன்னார். 2020 ஒக்டோபரில் ஒரு போட்டி முடிந்து, இதுதான் என் கடைசி ஓட்டமாக இருக்கலாம் என்று கமராவுக்கு முன்னால் அழுதார். ஒரு பழைய அணி திரும்பக் கூப்பிட்டது. அங்கே டூருக்குப் போக இருந்தவர் சாம் பெனட், முந்தின வருசம் டூரில் அதிகப் புள்ளி எடுப்பவருக்கான பச்சைச் சட்டையை வென்றவர். அவருக்கு முழங்காலில் நோ வந்ததால் கடைசி நேரத்தில் கவெண்டிஷுக்கு இடம் கிடைத்தது. ஆக, ஒருவரின் காயத்தில் கிடைத்த இடம், ஏழு பேரின் உழைப்பில் கிடைத்த வெற்றி. சும்மா சிரித்துவிட்டுப் போக முடியுமா அவரால்?

கோபமும் இதே ஊற்றில் இருந்துதான் வருகிறது. தோற்ற ஸ்பிரின்டர்கள் தலைக்கவசத்தை எறிவதையும், பஸ்ஸின் கதவை அடித்துச் சாத்துவதையும் பார்த்திருப்பீர்கள். மலையேற்றக்காரர் தோற்றால் தன் காலைக் குறை சொல்லலாம், நாளை திருத்தலாம். ஸ்பிரின்டர் தோற்றால் ஏழு பேர் ஐந்து மணித்தியாலமாகச் சேர்த்துக் கொடுத்ததைப் பத்துச் செக்கனில் கொட்டிவிட்டு பஸ்ஸுக்குள் ஏறி அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். 2021 டூரின் 19ஆம் நாள், ஓட்டம் தொடங்குவதற்கு முன் சைக்கிளில் ஏதோ சரியில்லை என்று கவெண்டிஷ் தன் அணி மெக்கானிக்கை எல்லோருக்கும் முன்னால் தூஷணத்தால் ஏசினார். கமராவில் பதிவாகிவிட்டது. அன்றே பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். அப்போது அவர் 34 வெற்றியில் நின்றார், 35க்கு இன்னும் இரண்டே சந்தர்ப்பம்தான். அவர் ஏசியது பிழை, அதில் கதையில்லை. ஆனால் எந்த அழுத்தம் அவரைப் பேசவைத்தது என்று எனக்கு விளங்குகிறது.

ஓர் அணியில் இரண்டு ஸ்பிரின்டர் இருந்தால் இன்னும் சிக்கல். ரயில் ஒன்றுதான், அதன் கடைசிப் பெட்டியில் இருக்கை ஒன்றுதான். 2010இல் ஹெச்டிசியில் கவெண்டிஷும் ஜேர்மனியின் ஆந்த்ரே கிரைப்பலும் ஒன்றாக இருந்தார்கள். கிரைப்பல் போன இடமெல்லாம் வென்றுகொண்டிருந்தும் டூருக்கு அவரைக் கூட்டிப்போகவில்லை. கவெண்டிஷ் வெளிப்படையாகவே காரமாகப் பேசினார். கிரைப்பல் அணியை விட்டுப் போய், 2011 டூரில் கார்மோ என்ற ஊரில் கவெண்டிஷையே தோற்கடித்துத் தன் முதல் டூர் வெற்றியை எடுத்தார். அந்த வருசம் கொப்பன்ஹேகனில் நடந்த உலகப் போட்டியின் மேடையைப் பாருங்கள். முதலாவது கவெண்டிஷ், இரண்டாவது மத்தியூ கோஸ், மூன்றாவது கிரைப்பல். முந்தின வருசம் மூன்று பேரும் ஒரே அணிச் சட்டை போட்டவர்கள்! ஒரு வீட்டுக்குள் அடக்க முடியாத அளவுக்கு நெருப்பு.

அடுத்த வருசம் கவெண்டிஷ் ஸ்கை அணிக்குப் போனார். அங்கே பிராட்லி விக்கின்ஸுக்கு மஞ்சள் சட்டை, அதாவது முழு டூரையும் வெல்பவருக்கான சட்டை, எடுத்துக் கொடுப்பதுதான் எல்லாருடைய வேலையும். உலகச் சம்பியனின் வானவில் சட்டை போட்ட கவெண்டிஷ், பின்னால் வருகிற அணிக் காருக்குப் போய்ச் சட்டைக்குள் தண்ணீர்ப் போத்தல்களைத் திணித்துக்கொண்டு வந்து அணிக்காரருக்குக் கொடுத்தார். அந்தப் படத்தைப் பார்த்து அவமானம் என்றவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. பிறகு கடைசி நாள், 2012 ஜூலை 22, சாம்ஸ் எலிசே. மஞ்சள் சட்டையோடு இருந்த விக்கின்ஸ், ஒன்றும் செய்யாமல் பத்திரமாக வந்து சேர்ந்திருக்க வேண்டியவர், கடைசிக் கிலோமீற்றரில் கூட்டத்தின் முன்னுக்கு வந்து தானே காற்றைக் குடித்து இழுத்தார். அவர் விலக எட்வால்ட் போவாசன் ஹாகன், அவருக்குப் பின்னால் கவெண்டிஷ். வென்றார். பாரிசில் இருக்கிற என் ஒன்றுவிட்ட தம்பி அன்று லா சப்பல் பக்கம் வேலைக்குப் போக இருந்தவன், லீவு போட்டுவிட்டு அந்த வீதி ஓரத்தில் நின்றான். "மஞ்சள் சேட்டுக்காரன் மற்றவனுக்கு இழுக்கிறானடா" என்று போனில் கத்தியது இன்னும் காதில் கேட்கிறது. ஆனாலும் அந்த வருச முடிவில் கவெண்டிஷ் அந்த அணியை விட்டுப் போனார். நன்றி வேறு, ரயில் வேறு. அவருக்கு நாள்தோறும் ஓடுகிற ரயில் தேவைப்பட்டது.

இதே முறையைத்தான் இப்போது வேறொரு அணியில் பார்க்கிறோம். நெதர்லாந்தின் மத்தியூ வான் டெர் போல், தானே பெரிய வெற்றிகளை எடுக்கக்கூடிய ஆள், 2024 டூரில் வானவில் சட்டையோடு யாஸ்பர் பிலிப்சனுக்கு லீட்-அவுட் இழுத்தார். பிலிப்சன் மூன்று நாள் வென்றார்.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது ஸ்பிரின்டர்கள் அதிகம் கதைக்காத விசயம். 2020 ஓகஸ்ட் 5, போலந்தின் கட்டோவிற்சே. இறக்கத்தில் முடிகிற பாதை, மணிக்கு 80 கிலோமீற்றர் அளவு வேகம். டிலான் குரூனவேகன் தன் வழியை விட்டு விலகி ஃபாபியோ யாகொப்சனைத் தடுப்புக் கம்பிப் பக்கமாக நெருக்கினார். இரண்டு பேரும் நெதர்லாந்துக்காரர். தடுப்பு பிய்ந்து பறந்தது. யாகொப்சனின் முகத்தில் 130 தையல், வாயில் ஒரு பல்தான் மிச்சம், கோமாவில் வைத்துத்தான் காப்பாற்றினார்கள். அவருடைய அணியைச் சேர்ந்த ஃபுளோறியன் செனெஷால் முதல் ஆளாக ஓடிப்போய், இரத்தத்தில் மூச்சடைத்துக் கிடந்தவரின் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். குரூனவேகனுக்கு ஒன்பது மாதத் தடை. அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்து, வீட்டுக்குப் பொலிஸ் காவல் போட வேண்டியதாயிற்று.

வன்னியில் வளர்ந்தவர்களுக்குப் பயத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டே அதே வழியால் திரும்பிப் போவது என்னவென்று சொல்லத் தேவையில்லை. யாகொப்சன் அடுத்த வருசமே ஸ்பெயின் சுற்றுப் போட்டியில் மூன்று நாள் வென்று பச்சைச் சட்டையையும் எடுத்தார். அதே போட்டியின் 13ஆம் நாள், ரயில் ஓடிக்கொண்டிருக்க, யாகொப்சனால் பின்சில்லைப் பிடித்து வர முடியாமல் போனது. அப்போது முன்னால் இருந்த செனெஷால் தானே ஓடி வென்றார். தலையைத் தூக்கிப் பிடித்த அதே செனெஷால்தான். அந்த வெற்றியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

கவெண்டிஷும் யாகொப்சனும் ஒரே அணி. 2022இல் டூருக்கு யாகொப்சனைக் கூட்டிப்போனார்கள், கவெண்டிஷை வீட்டில் விட்டார்கள். முந்தின வருசம் பெனட்டின் இடம் கவெண்டிஷுக்கு வந்ததுபோல இப்போது அது யாகொப்சனுக்குப் போனது. ஜூலை 2 அன்று டென்மார்க்கின் நியூபோர்க்கில் யாகொப்சன் வென்றார். அடுத்த நாள் சொண்டர்போர்க்கில் வென்றவர் குரூனவேகன். கட்டோவிற்சேயில் விழுந்தவரும் விழுத்தியவரும் அடுத்தடுத்த நாளில். இரண்டாவது நாள் குரூனவேகனும் உணர்ச்சியில் தடுமாறினார். குற்ற உணர்வைச் சுமந்துகொண்டு அந்த வேகத்துக்குத் திரும்பி வருவதும் இலேசான காரியமில்லை.

அவசரச் சந்தோசம் ஒன்றும் இருக்கிறது. 2004இல் மிலான்-சன்ரேமோ போட்டியில் எரிக் சாபல் வென்றுவிட்டோம் என்று கையைத் தூக்க, ஒஸ்கார் ஃபிரெய்ரே முன்சில்லை முன்னுக்குத் தள்ளி முந்திவிட்டார். 2022 டூரில் கலே என்ற ஊரில் பிலிப்சன் கையை விரித்துக்கொண்டு கோட்டைத் தாண்டினார். வூட் வான் ஆர்ட் ஏற்கெனவே தனியாகப் போய் முடித்துவிட்டது அவருக்குத் தெரியாது. பாவம், அந்த முகம் மாறியதை உலகமே பார்த்தது.

எங்களுக்குக் கிட்டவாகத் தோன்றுகிற ஒருவரை விட்டுவிடக் கூடாது. எரித்திரியாவின் பினியம் கிர்மாய். முப்பது வருசப் போருக்குப் பிறகு 1993இல் தனிநாடான சின்ன நாடு. இத்தாலியர் ஆண்ட காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட சைக்கிள் பைத்தியம் அங்கே இன்னும் குறையவில்லை. 2022இல் இத்தாலிச் சுற்றில் வென்று மேடையில் போத்தலைத் திறக்கும்போது தக்கை கண்ணில் அடித்து, போட்டியையே விட வேண்டி வந்தது. 2024 டூரில் மூன்று நாள் வென்று பச்சைச் சட்டையோடு வீட்டுக்குப் போனார். டூரில் ஒரு நாள் வென்ற முதல் கறுப்பின ஆபிரிக்கர் அவர். அப்போது அவர் ஓடியது பெரிய காசுள்ள அணிகூட இல்லை.

எங்கள் பக்கமும் சைக்கிளுக்குக் குறைவில்லாத ஊர்தான். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் விறகு, நெல்லு, நோயாளி எல்லாம் சைக்கிளில்தான் போனது. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்று களைத்தவர்களும் பழைய சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தார்கள். கழக விழா என்றால் சைக்கிளோட்டம் கட்டாயம் இருக்கும். ஆனால் எங்கள் ஓட்டங்களில் ஒவ்வொருவரும் தனக்குத் தனக்கு. ஒருவர் இன்னொருவருக்காக இழுப்பதை ஊரில் நான் கண்டதில்லை.

போன ஆவணியில் கண்டேன். மருமகனுக்கு இப்போது பதினாலு வயது. இரணைமடுப் பக்கம் ஒரு கழகத்தின் விழா, கியர் இல்லாத சாதாரணச் சைக்கிள்களுக்கான ஓட்டம். அவனும் கூட்டாளி ஒருவனும் முதலே கதைத்து வைத்திருந்தார்கள் போல. கூட்டாளிக்குக் கடைசி ஓட்டம் நல்லது, இவனுக்குத் தாக்குப்பிடிக்கிற கால். திரும்பி வரும் வழியில் சோளகம் முகத்துக்கு நேரே. இவன் முன்னால், அவன் இவனுடைய பின்சில்லில். மைதானத்து வாசல்வரை இவன் இழுத்துவிட்டு விலகினான். பின்னால் வந்த ஏழெட்டுப் பேர் இவனைத் தாண்டிப் போனார்கள்.

கூட்டாளி அரைச் சில்லால் தோற்றான். வேறு ஊர்ப் பெடியன் ஒருவன் வென்றான்.

கூட்டாளி சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, பரிசுக்கும் நிற்காமல் குளக்கட்டுப் பக்கம் நடந்து போனதை நான் பார்த்தேன். மருமகன் கடையில் இரண்டு பணிஸ் வாங்கிக்கொண்டு பின்னால் போனான். நான் போகவில்லை. பொழுதுபட்ட பிறகுதான் வீட்டுக்கு வந்தான்.

"என்னடா சொன்னவன்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் கதைக்கேல்ல மாமா" என்றான் சைக்கிளைச் சுவரில் சாத்திக்கொண்டு. "பிறகு பம் எங்கயோ வாங்கிக்கொண்டு வந்து, என்ர ரெண்டு சில்லுக்கும் காத்தடிச்சு விட்டவன்."